கும்மிக்கு மார்க் போட்ட கேமரா

"ஆட்டத்துக்கு மார்க் போட இனிமே இந்தக் காரைக்கால்ல ஒரு மனுஷக் கண்ணும் தேவையில்லை. என் கண்ணையும் சேத்துத்தான் சொல்றேன்" என்று நெடுங்காடு தங்கையன் விழாக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தார். குழுவினர் ஆறு பேரும் வாயடைத்துப் போனார்கள். அப்போதுதான் பஜ்ஜித் தட்டு வந்திருந்தது என்பதும் ஒரு காரணம்.

தங்கையனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஐடிஐ முடித்து டிவி ரிப்பேர் பார்த்தார். ஜனங்கள் ரிப்பேர் பார்ப்பதை விட்டுவிட்டுப் புது டிவி வாங்க ஆரம்பித்ததும் டிஷ் மாட்டினார். இப்போது சிசிடிவி. நகைக்கடையிலிருந்து கோழிக்கடை வரை அவர் கையால் மாட்டிய கேமராக்கள் நானூறுக்கு மேல். நானூறு கேமராவை மாட்டியவருக்கு மனிதன் கண்ணால் கண்டதாகச் சொல்லும் எதிலும் நம்பிக்கை இல்லாமல் போவது இயற்கைதான்.

அவருடைய அறிவிப்புக்குக் காரணம், போன வருஷக் கும்மிப் போட்டி. முதல் பரிசு வாங்கும் குழு புதுச்சேரி விழா மேடையில் ஆடும். மூன்று நடுவர்களில் ஒருவர் தன் மச்சினி ஆடிய குழுவுக்கு ஒன்பது மார்க் கூடுதலாகப் போட்டார். மற்ற இருவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் இருபது உடைந்தன.

"இந்த வருஷமும் நாற்காலி ஒடைஞ்சா அடுத்த வருஷம் எல்லாரும் தரையிலதாங்க உக்காரணும்" என்று குழுத் தலைவரும் இரும்புக்கடை முதலாளியுமான ஜவஹர் அலி புலம்பியபோதுதான் தங்கையன் எழுந்தார்.

வீடியோ விளையாட்டுக்கென்று விற்ற பழைய சென்சார் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். முன்னால் நிற்கும் ஆளை அது இருபது புள்ளியும் சில கோடுமாக, எலும்புக்கூடு போல லேப்டாப்பில் காட்டும். கழுத்து, இடுப்பு, முழங்கால் எல்லாம் புள்ளிகள். ஒருமுறை சரியான ஆட்டத்தைக் காட்டிவிட்டால், அடுத்து ஆடுகிறவர்களின் புள்ளிகளை அதோடு பொருத்திப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும்.

சரியான ஆட்டத்தை யார் காட்டுவது? வாய்க்காலில் தண்ணீர் வராத மாதம் அது. நடவு வேலை இல்லாமல் அவர் தெருவில் ஆறு பெண்கள் சும்மா இருந்தார்கள். நன்றாகவே ஆடினார்கள். மிஷின் படித்துக்கொண்டது.

சோதனை ஓட்டத்தில் சிறுசிறு குறைகள் தெரிந்தன. ஒலிபெருக்கி மாட்டிய கம்பத்தை ஏழாவது ஆட்டக்காரியாகக் கருதி மிஷின் அதற்குப் பன்னிரண்டு மார்க் போட்டது. வாசலைப் பெருக்கிக்கொண்டு குறுக்கே வந்த மனைவி காசியம்மாவுக்கு எண்பத்தாறு.

"இருபது வருஷமா கூடவே இருக்கேன். ஒனக்குள்ள இப்படி ஒரு கலை இருக்குறது தெரியாமப் போச்சே" என்றார் தங்கையன், உண்மையான வியப்போடு.

"அப்படியா? சரி, நான் ஆடுறேன். நீங்க பெருக்குங்க."

தங்கையன் லேப்டாப்பை மூடினார்.

போட்டி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பள்ளி மைதானத்தில். முதலில் ஆடிய, தங்கையனின் சொந்த ஊரான நெடுங்காட்டுக்குத் தொண்ணூற்று மூன்று. விழிதியூருக்குத் தொண்ணூறு. நிரவிக்கு எண்பத்தெட்டு. மிஷின் யாருக்கும் மச்சினன் இல்லை என்று ஜவஹர் அலி மைக்கில் பெருமையோடு சொன்னார்.

கடைசியாகக் கிளிஞ்சல்மேட்டுப் பெண்கள். குழுத் தலைவி லோகாம்பாள், ஐம்பத்தைந்து வயது, காலையில் தெருத்தெருவாக மீன் விற்பவர். ஆறு வருஷமாக இரண்டாம் பரிசு. மறு வருஷம் முழங்கால் ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் புதுச்சேரி மேடைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஆடி முடித்ததும் மைதானமே கைதட்டியது.

மிஷின் நாற்பத்து நான்கு என்றது.

கைதட்டல் நின்றது. சிலர் தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடை பார்த்தார்கள். லோகாம்பாள் மூச்சு வாங்கியபடி நேராக லேப்டாப் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, எங்க தப்புன்னு காட்டுங்க. தெரிஞ்சுக்கிட்டுப் போறோம்."

தங்கையன் திரையைத் திருப்பிக் காட்டினார். "இந்தா பாருங்கக்கா, முதுகு. தட்டுறப்ப வளையணும். உங்க ஆறு பேருக்கும் வளையவே இல்லை."

"எப்படி வளையும்? பத்து வயசுலேருந்து தலையில மீன்கூடை. குனிஞ்சா கூடை மண்ணுல கெடக்கும். நாங்க குனிய மாட்டோம், முட்டியை மடக்கி எறங்குவோம். ஒங்க மிஷினுக்கு ஆடிக் காட்டுனவங்க யாரு?"

"எங்க தெருப் பொம்பளைங்கதான்."

"என்ன வேலை செய்யுறவங்க?"

முதல் வரிசையிலிருந்து காசியம்மா சொன்னார்: "நடவு. குனிஞ்சவளுக்கெல்லாம் மார்க்கு போடுதுக்கா அது. எங்க வீட்டு வெளக்கமாத்துக்கே எண்பத்தாறு."

கூட்டம் சிரித்தது. தங்கையன் சிரிக்கவில்லை. திரையில் குனிந்து நின்ற நடவுக்காரியின் எலும்புக்கூட்டையும் நிமிர்ந்து நின்ற மீன்காரியின் எலும்புக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சென்சாரின் வயரைப் பிடுங்கினார்.

"என்னாச்சு?" என்றார் ஜவஹர் அலி.

"சூடாயிடுச்சு பாய். நாலு குழுவும் இன்னொரு தடவை ஆடட்டும். ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."

மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேஜையை விட்டு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான்கு ஆட்டத்தையும் பார்த்தார். இரண்டு இடத்தில் அடித்து எழுதினார். தாளை நான்காக மடித்து ஜவஹர் அலியிடம் கொடுத்தார். கிளிஞ்சல்மேடு தொண்ணூற்று இரண்டு. நெடுங்காடு எண்பத்தொன்பது.

"கையால எழுதியிருக்கு?"

"படிங்க பாய்."

ஊருக்குத் திரும்பும்போது நெடுங்காட்டுக் குழுவின் வேனில் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்றில் காசியம்மா ஏறிக்கொண்டார். தங்கையன் பஸ்ஸுக்குப் போனார்.