கீழேயிருந்து வரும் குரல்

எர்ணாவூரில் எந்த மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் கமால் மாட்டிய டிவி டிஷ் ஒன்று இருக்கும். உப்புக்காற்றில் நட்டு துருப்பிடிக்கும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படியும், காக்கை வேறு தன் பங்குக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகும். ஆக, அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பேச்சுக்குத்தான் பஞ்சம். ஆள் அவ்வளவு அமைதி.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மாடியில் டிஷ்ஷைத் திருப்ப, இன்னொருவர் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்களை நம்பினால் கதை கந்தல்தான். படம் வந்ததும் வாயைப் பிளந்து பார்ப்பார்களே தவிர, மேலே ஒருத்தன் வெயிலில் காய்வது நினைவுக்கே வராது. அதனால் கல்யாணமான புதிதிலேயே மனைவி சபீஹாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். மூன்று மாடி தாண்டிக் கேட்கும் குரல் அவளுக்கு.

"வந்துச்சா?"

"வர்ல... வர்ல... கொஞ்சம் கடல் பக்கம்... வந்துச்சு, நில்லு!"

வீட்டில் அவனை 'வாங்க, போங்க' என்பவள்தான். வேலையில் மட்டும் 'நில்லு'. மரியாதை கொடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் டிஷ் தாண்டிவிடும் என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவனுக்கோ அந்த 'நில்லு' என்றால் உயிர். அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

போன வருடம் அவள் தொண்டையில் கட்டி. உயிர் பிழைக்க வேண்டுமானால் குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். எடுப்பதற்கு ஆண்டவனுக்கு அதுதானா கிடைத்தது என்று நமக்கே ஆத்திரம் வருகிறது. மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளையைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு சபீஹா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சிக்னல் வந்தால் கீச்சென்று கத்தும் சின்ன மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு கமால் தனியாகப் போக ஆரம்பித்தான். சக்களத்தியைப் பார்ப்பதுபோல அவள் அந்த மிஷினைப் பார்ப்பாள்.

மழைக்காலத்துப் புயல் ஒன்று அடித்து ஓய்ந்த காலையில், அவர்கள் வீட்டு டிஷ்ஷே திரும்பிக்கொண்டது. கமால் மிஷினை எடுத்தான். சபீஹா எழுந்து வந்து அதைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தாள். பிறகு போய் டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"நீ இன்னாத்த சொல்லப்போற சபீ? வேணாம்மா, படு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் மாடிப்படியை நோக்கிக் கையை நீட்டினாள். போ என்று அர்த்தம்.

ஏறினான். திருப்பினான். பழக்க தோஷம், "வந்துச்சா?" என்று கத்தியும்விட்டான். பக்கத்து மாடிகளில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே சத்தமே இல்லை. அவள் வாயைத் திறந்து முயன்றுகொண்டிருப்பாளோ என்று நினைத்ததும் இறங்கிவிடலாமா என்று பார்த்தான். கை மட்டும் தன் பாட்டுக்கு டிஷ்ஷைக் கடல் பக்கம் நகர்த்தியது.

திடீரென்று கீழே சோப்புத்தூள் விளம்பரம் அலறியது. தெருவே அதிர்ந்தது. அவன் வீட்டு டிவிதான். சிக்னல் இல்லாதவரை அது ஊமை. வந்தால் மாடிவரைக்கும் கேட்கட்டும் என்று, அவன் படியேறும்போதே அவள் சவுண்டை முழுசாகக் கூட்டி வைத்திருக்கிறாள்.

"யோவ் கமாலு, காது கிழியுதுய்யா! இன்னா கலாட்டா இது?" என்று எதிர்வீட்டு கெங்கம்மா ஜன்னலில் வந்து கத்தினாள்.

விளம்பரம் முடிந்து பாட்டு வந்தது. சபீஹா சவுண்டைக் குறைக்கவே இல்லை. டிஷ்ஷைப் பிடித்தபடி கமால் தேம்பித் தேம்பி அழுதான். படம் வந்துவிட்டது, பாட்டும் வந்துவிட்டது. அந்த ஒரு சொல் மட்டும் இனி வராது. 'நில்லு' என்று யாரும் சொல்லாமலே அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.