மொத்தத்தையும் ஒருவரே விற்ற திங்கட்கிழமை

மெத்தை கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவளை எல்லாரும் ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதுபொருள் அலமாரிக்குப் பக்கத்து அறையில் உறுமிக்கொண்டிருக்கும் சர்வர் கணினி அவள் பொறுப்பு. பதினொரு கிளைகளில் போன வாரம் எத்தனை மெத்தை விற்றது என்று அது திங்கள்தோறும் தானாகவே ஒரு ரிப்போர்ட் தயாரிக்கும். கிளைப் பொறுப்பாளர்கள் கூடும் பத்து மணிக் கூட்டத்தில் அது சுவர்த் திரையில் ஏறும்.

அவளுக்கு ஒரு குணம். தப்பு கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது. கொழுந்தனார் மகளின் பிறந்தநாள் கேக்கில் பெயர் பிழையாக இருப்பதை, மெழுகுவர்த்தி அணைவதற்குள் சொன்னவள். அதிலிருந்து விசேஷ வீடுகளுக்கு அவளைக் கூட்டிப்போகக் கணவர் யோசிப்பார்.

அந்தச் சனிக்கிழமை மேலாளர், “ரிப்போர்ட் தலைப்புக்கு இளநீலம் போடும்மா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்” என்றார். போட்டாள். சேமிக்கும்போது சர்வரில் இடம் தீர்ந்து, ரிப்போர்ட்டின் வடிவம் பாதி எழுதியபடியே நின்றுவிட்டது அவளுக்குத் தெரியாது. நீலம் தெரிந்தது, வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை திரையில் எண்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறியிருந்தன. எப்போதும் முதலில் நிற்கும் கடைவீதிக் கிளைக்கு வழக்கத்தைவிடக் குறைவாக அறுநூற்றிருபது மெத்தை. எப்போதும் கடைசியில் கிடக்கும் துறைமுகக் கிளைக்கு நாலாயிரத்து முந்நூறு. ‘மொத்தம்’ என்ற வரிக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். துறைமுகத்தாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எப்படிய்யா சாதிச்சீங்க?” என்றார் மேலாளர்.

“காலையில சீக்கிரமே கடையைத் திறக்கிறோம் சார். வர்றவங்களைப் படுத்துப் பாக்கச் சொல்றோம். படுத்தவங்க எந்திரிக்கிறதில்ல.”

கடைவீதியார் அதற்குள் காரணம் தேட ஆரம்பித்திருந்தார். “ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க சார். அதுவுமில்லாம ஜனங்க இப்பல்லாம் தூங்குறதே குறைஞ்சுபோச்சு.”

கடைசி வரிசையில் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். துறைமுகக் கிளையின் கிடங்கில் அறுநூறு மெத்தைக்கு மேல் வைக்க முடியாது. அந்த மனிதரின் முகத்தையும் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தாள். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

“சார், ரிப்போர்ட் கெட்டுப்போயிருக்கு. அது அவர் வித்தது இல்ல. எல்லாரும் சேர்ந்து வித்தது.”

மேலாளர் தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

சர்வர் அறைக்கு ஓடினாள். கெட்ட ரிப்போர்ட்டைத் திருத்தத் திறந்தால் திறக்கவில்லை. அழிக்கப் போனால், வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்றது. அந்த வேறொருவர் சுவர்த் திரைதான். திரும்பி ஓடி வந்தாள்.

“சார், அதை மூடினாத்தான் அழிக்க முடியும்.”

“ஒரு நிமிஷம்மா” என்று துறைமுகத்தார் செல்பேசியை எடுத்து, திரையை ஒரு படம் பிடித்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

திரை மூடியதும் வேண்டாத பழைய கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்கினாள். கெட்டதை அழித்து, போன மாதம் எடுத்துவைத்த ரிப்போர்ட் வடிவத்தின் பிரதியை ஏற்றி, போன வார விற்பனைத் தரவு இருக்கும் இடத்தையும் கடவுச்சொல்லையும் மறுபடி காட்டிக்கொடுத்தாள். ரிப்போர்ட் பழைய சாம்பல் தலைப்போடு வந்தது. துறைமுகம், நாற்பத்தொன்று. கடைவீதியார் தோண்டிய ரோட்டை மறந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

மதியம் துறைமுகத்தார் அவள் மேசைக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றாள்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லியிருக்கலாமேக்கா. வீட்டுக்கு அந்தப் படத்தை அனுப்பிட்டேன்.”

“மன்னிச்சுக்குங்க சார். எனக்கு அடக்க வராது.”

“என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே போன்ல சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. இன்னிக்கு வெளியில சாப்பிடலாம்னு கிளம்பிட்டா.”

அக்கா போனை வாங்கினாள். அந்தப் பக்கம் அவர் மனைவியின் குரல் அத்தனை சந்தோஷமாக இருந்தது. “ஆமாம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு மேலாளரே எந்திரிச்சு நின்னு கைதட்டினார்” என்றாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மீதியைச் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.