மனெ என்றால் மனை அல்ல

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஐம்பதுகளின் கடைசியில், பெங்களூரில் குடிசைவாசிகளுக்கு வீடு கட்டித் தரும் இலாகா ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். அதற்காகவே என் அதிகாரி போகிற இடமெல்லாம் என்னைக் கூட்டிப் போவார். இவ்வளவு வசதியான ராஜ்யத்தில் ஏழைகள் குடிசையில் கிடப்பது வெட்கக்கேடு, நல்ல கூரை கிடைத்தால் மற்றதெல்லாம் தானே வரும் என்பார். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஏழைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடம் அவர் கேட்டதில்லை. நானும்தான்.

கண்டோன்மெண்ட் ஓரத்துக் குடிசைகளில் இருந்தவர்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கொஞ்ச காலமே ஆன தமிழர்கள். அவர்களைக் கூட்டிவைத்து, எல்லோருக்கும் மனெ கொடுப்போம் என்று அதிகாரி கன்னடத்தில் அறிவித்தார். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. கூட்டத்தின் காதில் விழுந்ததோ மனை, அதாவது சொந்த நிலம். அவர்கள் முகம் மலர்ந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அதிகாரியின் காதோடு அதைச் சொன்னேன். முதலில் குடிசையைக் காலி செய்யும் சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கு, பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்றார்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மாளும் அங்கே இருந்தாள். ஒரு எருமையை வைத்துத்தான் அவள் பிழைப்பு நடந்தது. மை தடவிய விரலோடு என்னைப் பார்த்தாள்.

"மனையில எருமை கட்ட எடம் இருக்கும்ல சார்?"

இருக்கும் என்றேன். திட்டம் அவள் நன்மைக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிடைத்தது மாடியில் ஓர் அறை, அதுவும் வாடகைக்கு. அதற்குள் குடிசையை இடித்தாகிவிட்டது. எருமையை மாடிப்படியிலா ஏற்ற முடியும்? வந்த விலைக்கு விற்றுவிட்டாள்.

அதிகாரியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். விளக்கத்தானே உன்னை வைத்திருந்தேன், நீ ஏன் விளக்கவில்லை என்று சிரித்தார். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்.

அந்த ஆத்திரத்தோடு அவளிடம் ஓடினேன். அந்த மனுஷன் நம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டான் என்று புலம்பித் தீர்த்தேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

"அவருக்குத் தமிழ் தெரியாது சார்," என்றாள். "உங்களுக்குத் தெரியும்."