ரைனா பிறந்த ஊர்

எங்கள் குடியிருப்பின் படியேறி வந்தவர்களில், கதவைத் தட்டிய பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றவர்கள் அவர்கள் மட்டும்தான். அப்படி நிற்க யாரோ பழக்கியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்வில்லை. எப்போதும் இருவர். முகத்தில் சவரக்கத்தி படத் தொடங்கி ஓரிரு வருடம்கூட ஆகாத அந்தப் பையன்களுக்கு மார்மன் சபை கொடுத்திருந்த பட்டம் ‘மூப்பர்’. கேள்வி எழுவதற்கு முன்பே பதிலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாற்பது வருடம் அப்படிப்பட்ட கட்சிக்காரர்களின் கூட்டங்களில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். அவர்கள் ஒழிந்து எட்டு வருடம் ஆவதற்குள் வேறு சட்டையில் திரும்பி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர்களில் ஒருவனான ஹாஸ்லம் எங்கள் ஊரான விடினுக்கு வந்தது 1997 செப்டம்பரில். அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்கு விளைவிக்கும் குடும்பம். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவன். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் தலைக்கு இரண்டு வருடம் வெளிநாட்டில் கதவு தட்டிவிட்டு வந்தவர்கள். அவனுக்கு விழுந்தது பல்கேரியா. வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தேடிப் பார்த்ததாக அவனே சொன்னான்.

காலை ஆறரைக்கு எழவேண்டும். படிக்கவேண்டும், ஜெபிக்கவேண்டும். பிறகு இருட்டும்வரை கதவுகள். கூட வந்தவன் கண்ணில் படாத தூரத்துக்கு ஒருவன் போகக்கூடாது. கடைக்கும் சேர்ந்துதான், மருத்துவரிடமும் சேர்ந்துதான். வீட்டுக்குத் தொலைபேசி வருடத்தில் இரண்டே முறை. வாரக் கடைசியில் தலைநகர் சோபியாவிலிருந்து அவர்கள் தலைவர் கூப்பிடுவார்: எத்தனை கதவு தட்டினீர்கள், எத்தனை பேர் உள்ளே விட்டார்கள், எத்தனை பேர் மறுபடி வரச் சொன்னார்கள்? ஹாஸ்லம் சொல்ல வேண்டியிருந்த எண் பெரும்பாலும் சுழியம். சுழியத்தை அவன் சுழியம் என்றே சொன்னான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கூட இருந்த ப்ரூயிட் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம் என்பானாம்.

எங்கள் ஊரும் அவர்களை விட்டுவைக்கவில்லை. ரத்தம் குடிக்கும் கூட்டம் என்று பத்திரிகையில் வந்தது. பாதிரியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் திட்டினார். இரும்புச் சாமான் கடைக்கு மேலே அவர்கள் எடுத்திருந்த கூடத்தின் கண்ணாடியை யாரோ இரண்டு முறை உடைத்தார்கள். வியாழக்கிழமை அங்கே இலவச ஆங்கில வகுப்பு; பன்னிரண்டு பேர் வருவார்கள். வகுப்பு முடிந்து ஜெபம் என்றதும் பன்னிரண்டு பேரும் எழுந்து கோட்டை மாட்டுவார்கள். யாரும் கண்ணாடியை உடைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடைந்தபோது வருத்தமும் படவில்லை.

அவர்களை உள்ளே விட்டது தரைத்தளத்து யோர்தான்கா மட்டும்தான். அவளுக்கும் மதம் வேண்டியிருக்கவில்லை. கிண்டல் செய்ய ஆள் வேண்டியிருந்தது.

“ஏன்டா, காபி குடிக்க மாட்ட, டீ குடிக்க மாட்ட, ரக்கியா சாராயம் தொட மாட்ட, பொண்ணுங்கள நிமிந்து பாக்க மாட்ட. பின்ன எதுக்குடா உசிரோட இருக்க?”

“உங்க பீன்ஸ் சூப்புக்கு, அத்தை.”

“பாரு, வாயப் பாரு! வந்தப்ப இவனுக்கு வணக்கம் சொல்லவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.”

நவம்பரில் அவள் வீட்டு முட்டைக்கோஸ் பீப்பாயின் உப்புத் தண்ணீரை வடித்து மறுபடி ஊற்றும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். நிலவறையில் சட்டைக் கையை மடித்துவிட்டு, டையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு, முழங்கைவரை ஊறுகாய் நாற்றத்தோடு நிற்பான். பண்ணைப் பையன், கைக்கு வேலை கிடைத்த அந்த நேரங்களில்தான் அவன் முகம் அவன் வயதுக்குத் திரும்பியது. திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். பள்ளிக்குப் பின்னால் பந்து உதைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குத் தபால் நிலையத்திலிருந்து அம்மாவிடம் பேசிவிட்டு வந்தவன், நாயையும் தொலைபேசியில் குரைக்க வைத்தார்கள் என்று யோர்தான்காவிடம் மூன்று முறை சொன்னான். கண் சிவந்திருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தான்.

“இவ்ளோ ஏக்கம் இருந்தா பொட்டியக் கட்டிட்டுக் கெளம்பேன்டா,” என்றாள் அவள்.

“பாதியில போனா எங்க ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அத்தை. ஆனா கோயில்ல அப்பாவோட உக்காரும்போது, எல்லாரும் அப்பாவப் பாப்பாங்க.”

என் மனைவி ரைனா அவனிடம் பேசியது ஒரே ஒரு முறை. ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகள் பனி உருண்டைக்குள் ஐஸ்கட்டி வைத்து எறிந்ததில் அவன் புருவம் கிழிந்தது. யோர்தான்கா அவனை எங்கள் வீட்டுக்கு ஏற்றி அனுப்பினாள். ரைனா வேதியியல் ஆசிரியையாக இருந்தவள், அயோடினும் பஞ்சும் எப்போதும் வைத்திருப்பாள். சமையலறை நாற்காலியில் அவனை உட்காரவைத்துத் துடைத்தாள். ப்ரூயிட் கதவோரம் நின்றான். நான் அடுத்த அறையில் செய்தித்தாளோடு இருந்தேன், எழுந்து வரவில்லை.

“ஆடாத. எரியும். எரியட்டும்,” என்றாள். “என்கிட்ட உன் புத்தகத்த எடுக்காத, சொல்லிட்டேன். ஞானஸ்நானம்னு என் தலையில ஒரு தடவ தண்ணி ஊத்தியாச்சு. எனக்கு அப்ப மூணு மாசம். எங்கப்பாவுக்குத் தெரியாம எங்கம்மா தூக்கிட்டுப் போய் ஊத்திட்டு வந்தா. என்னக் கேட்டாளா? அறுபது வருஷமா அந்தக் கோவம் எனக்குப் போகல.”

“உங்க அம்மாவுக்கு உங்க மேல அன்பு,” என்றான் அவன்.

“அன்பு இருந்தா கேக்கவேண்டாமா?”

அதை அவன் மறந்துவிடுவான் என்று நினைத்தேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி ரைனா இறந்தாள். மாரடைப்பு. படமும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் போட்ட இரங்கல் தாளை, எங்கள் ஊர் வழக்கப்படி, வாசற்கதவிலும் பேருந்து நிறுத்தத்து லிண்டன் மரத்திலும் ஒட்டினேன். மேலே சிலுவை வேண்டாம் என்று அச்சகத்தில் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. நாற்பதாம் நாளுக்கு இன்னொன்று. எங்கள் கட்டடத்துக் கதவில் அப்படிப்பட்ட தாள்கள் எப்போதும் ஏழெட்டு இருக்கும், மழையில் ஒன்றன்மேல் ஒன்று ஊறி. நாங்கள் அவற்றைத் தினம் கடந்து போகிறோம். ஹாஸ்லம் நின்று படித்தான். நிற்கிறானே, மொழி பழகுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் கதவு தட்டப்பட்டது. இரண்டடி பின்னால் இருவரும். ஹாஸ்லம் கையில் சின்ன நோட்டு. பரிசு கொண்டுவந்தவன் முகம்.

“மெத்தோடி ஐயா, ஒரே ஒரு விஷயம். அம்மா எந்த ஊர்ல பிறந்தாங்க?”

“எதுக்கு?”

“தாள்ல தேதி இருக்கு. ஊர் இல்ல. படிவத்துக்கு ஊர் வேணும்.”

“எந்தப் படிவம்?”

அவன் விளக்கினான். சந்தோஷமாகவே விளக்கினான். அவர்கள் கோயிலில், உயிரோடு இருக்கும் ஒருவர் செத்தவரின் பெயரைச் சொல்லித் தண்ணீரில் முங்கி எழலாம். அந்த ஞானஸ்நானம் செத்தவருக்குப் போய்ச் சேரும். கதவில் ஒட்டியிருந்த ஒவ்வொரு தாளையும் அவன் நோட்டில் எழுதியிருந்தான். பதினாறு பெயர்கள். எட்டு மாதத்தில் அவன் மதத்துக்கு ஒருவரும் கதவைத் திறக்கவில்லை என்பதால், திறக்க முடியாதவர்களிடம் போயிருந்தான்.

ப்ரூயிட் அதிர்ந்து அவனைப் பார்த்தான். “டேய், சொந்தக்காரங்க பேர மட்டும்தானே குடுக்கணும்? உனக்குத் தெரியாதா?” என்று எங்கள் மொழியிலேயே கேட்டான், என் முன்னால் தன்னைக் கழற்றிக்கொள்வதற்காக.

“தெரியும்,” என்றான் ஹாஸ்லம். “இவங்களுக்கு வேற யார் இருக்கா?”

பின்னால் இருந்த சமையலறை நாற்காலியைக் காட்டினேன். “அவ உன்கிட்ட என்ன சொன்னா? அந்த நாற்காலியில உக்காந்து கேட்டியே, என்ன சொன்னா?”

“சொன்னாங்க. கேக்காம செஞ்சாங்கன்னு சொன்னாங்க. ஆனா இது அப்படி இல்ல, ஐயா. செத்தவங்க இருக்கற எடத்துல அவங்களக் கேப்பாங்க. அவங்க வேண்டாம்னு சொல்லலாம். கட்டாயம் இல்ல.”

“அவதான் வேண்டாம்னு சொல்லியாச்சே! உயிரோட இருந்தப்ப, உன் மூஞ்சிக்கு நேரா! செத்த பிறகும் போய் அவ கதவத் தட்டுவியா? இன்னும் எத்தன தடவடா தட்டுவ?”

படிக்கட்டில் கதவுகள் திறந்தன. கீழே இருந்து யோர்தான்கா, “என்னாச்சு, மெத்தோடி?” என்று கத்தினாள். நோட்டைக் கேட்டேன். அவன் தரவில்லை; மற்றவர்கள் பெயரும் இருக்கிறது என்றான். போலீசைக் கூப்பிடுவேன் என்றேன். அவன் இறங்கிப் போனான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கிழவன் இறங்குவது போல.

மூன்று நாள் எனக்கு வேறு நினைப்பு இல்லை. அந்தத் தண்ணீர் எதையும் செய்யாது என்று எனக்குத் தெரியும். செய்யாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் எனக்குப் பொருட்டில்லை. ரைனாவின் ‘வேண்டாம்’ பொருட்டு. அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதைக் காக்க நான் ஒருவன்தான் இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் இருந்தால் படிவம் நிறையாது என்று நினைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் பிடி.

நான்காம் நாள் பகலில் ஹாஸ்லம் தட்டினான். திறந்தேன். இரண்டடி பின்னால் நிற்கவில்லை, வாசற்படியிலேயே நின்றான். பக்கத்தில் யாரும் இல்லை. எட்டு மாதத்தில் அவனைத் தனியாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. மற்றவன் எங்கே என்று படிக்கட்டில் எட்டிப் பார்த்தேன்.

“அவன் கூடத்துல இருக்கான். நான் சொல்லாம வந்துட்டேன்.”

“அது உங்களுக்குத் தப்பாச்சே?”

“ஆமா.”

நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினான். பதினாறு பெயர்களும் அதில் இருந்தன. ரைனாவின் பெயரைச் சுத்தமான எழுத்தில் எழுதியிருந்தான். எங்கள் சிரிலிக் எழுத்தை முதல் வகுப்புப் பிள்ளை போலச் சாய்க்காமல் எழுதுவான். பெயருக்கு எதிரே, வேறு மையில்: பெலோகிராத்சிக்.

அவள் பிறந்த ஊர்.

“யோர்தான்கா அத்தைகிட்ட கேட்டேன். உங்களுக்குத் தெரியாம. அவங்களுக்கு எதுக்குன்னு தெரியாது, சும்மா சொல்லிட்டாங்க, அவங்களத் திட்டாதீங்க,” என்றான். “எழுதி முடிச்சதும் பாத்தேன். எல்லாக் கட்டமும் நிறைஞ்சிருச்சு. அப்பத்தான் உங்க வீட்டம்மா கேட்டது ஞாபகம் வந்துச்சு. அன்பு இருந்தா கேக்கவேண்டாமான்னு. நான் யார்கிட்ட கேட்டேன்? அவங்களத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டேன்.”

“இதுக்குப் பிரதி இருக்கா?”

“இல்ல. ஆனா ஐயா, பேர் எனக்கு ஞாபகம் இருக்கு. தேதியும். ஊரும். அத நான் மறக்க முடியாது. எழுத மாட்டேன், அவ்ளோதான் சொல்ல முடியும்.”

“நான் எப்படி நம்பறது?”

யோசித்தான். நான் எதிர்பார்த்த சத்தியம் எதையும் செய்யவில்லை. தன் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடவும் இல்லை.

“தெரியல,” என்றான். “உங்ககிட்ட காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

தாளை வாங்கிக்கொண்டேன். அவன் கண்ணை என்னிடமிருந்து எடுத்து, என் பின்னால் இருந்த சமையலறை நாற்காலியைப் பார்த்தான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பான் என்று தெரியும். கதவைச் சாத்தினேன். அவன் காலடி உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது.

மே மாதம் அவன் விடினில் இல்லை. சபை அவனை வேறு ஊருக்கு மாற்றியிருக்கும் என்றாள் யோர்தான்கா. அவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. “ஒரு பேர எழுதினான், என்னமோ வீட்டக் கொளுத்தின மாதிரி” என்று வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் வாதங்கள் இருந்தன; அவற்றோடே படியேறிப் போனேன்.

அந்தத் தாளை எரிக்கவில்லை. மற்ற பதினைந்து பெயர்களின் வீட்டாரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் கூடத்தின் கண்ணாடியோடு நின்றிருக்காது. பாதிரியாரின் வாக்கையோ கட்சிச் செயலாளரின் வாக்கையோ நான் எடை போடாமல் விட்டதில்லை. எடைக்கு வந்தபோதெல்லாம் அவை லேசாகவே இருந்தன. இவன் வாக்கை எடுத்து வைக்க என்னிடம் தராசே இல்லை. எழுதிவிட்டானா, இல்லையா? சமைக்கும்போது நினைப்பு வரும். பேருந்து நிறுத்தத்தில், அந்த மரத்தடியில் நிற்கும்போது வரும்.

அடுத்த பிப்ரவரியில் ஓராண்டு நிறைவுத் தாளைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை கையில் உறைந்துகொண்டிருந்தது. பின்னால் பனியில் காலடி. புதிய இருவர், புதிய சட்டைகள், உயரமானவன் வாயைத் திறக்கும் முன்பே கையை நீட்டினான்.

“வேண்டாம்,” என்றேன். பிறகு, “ஹாஸ்லம்னு ஒருத்தன் இருந்தானே. இப்ப எந்த ஊர்ல இருக்கான்?” என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மூப்பர் ஹாஸ்லமா? அவர் போயிட்டாரே. போன ஏப்ரல்லயே வீட்டுக்குப் போயிட்டாரு.”

“ரெண்டு வருஷம் முடியலையே?”

“முடியல,” என்றான் குட்டையானவன், ஒரு வியாதியைப் பற்றிச் சொல்வது போலக் குரலைத் தணித்து. “யாரும் அனுப்பல. தலைவர்கிட்ட அவரே போயிச் சொன்னாராம், இனிமே என்னால கதவு தட்ட முடியலன்னு. தனியா வெளிய போனதையும், வேற என்னமோ பேர் விஷயத்தையும் அவரே சொன்னாராம். யாரும் கேக்கக்கூட இல்லையாம்.”

தாளின் கீழ் ஓரம் காற்றில் பிரிந்தது. உயரமானவன் பிடித்துக்கொள்ள ஓரடி முன்னால் வந்தான்.

“தொடாத,” என்றேன்.

நானே பசை தடவி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.