பாக்கியம் வீட்டு வியூ பாயின்ட்

1. முதல் நாள்

கைடு வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு பொய் சொன்னேன். எட்டு மாதம் அது என்னை விடவில்லை. இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தேயிலை ஃபெக்டரியில் ஓய்வு பெற்ற பிறகு, நோர்வூட் பக்கத்தில் எங்கள் சின்ன டவுனில் ஃபாரூக் நானா திறந்த கெஸ்ட் ஹவுஸில் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதற்கு முன் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். பெயின்ட் டின் விற்ற அதே மும்முரத்தில் ஊரையும் விற்றார். வாசலில் ‘ஏழு நடைகள்’ என்று ஒரு போர்டு தொங்கியது. நீர்வீழ்ச்சி நடை, பழைய பங்களா நடை, கோயில் படி நடை என்று ஆறு வரை சரியாக வந்தது. ஏழாவது, பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்புவது. எல்லாவற்றிலும் பெரியது சன்ரைஸ் வியூ பாயின்ட். பாறை உச்சியில் நின்றால் ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் சிவனொளிபாதமலை.

நானாவின் மருமகன் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை செய்பவர். அவர் அங்கே உட்கார்ந்தபடியே போன் மேப்பில் அந்தப் பாறைக்கு ஒரு பாயின்ட் போட்டார். அது பாறையில் விழாமல் அரை மைல் கீழே, லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவின் பின்வாசலில் போய் விழுந்தது.

அது பாக்கியத்தின் வீடு. கொழுந்து எடுக்கிறவர். புருஷன் இல்லை. மகள் கௌசல்யா ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்தாள்.

முதல் நாள் நான் கூட்டிப்போன வெள்ளைக்காரப் பெண்கள் இருவரும் என்னை நம்பவில்லை, போனைத்தான் நம்பினார்கள். பாறை மேலே இருக்கிறது என்று கையைக் காட்டினேன். அவர்கள் போனைக் காட்டினார்கள். கடைசியில் பாக்கியத்தின் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, சூரியன் எங்கே என்று தேடினார்கள்.

பாக்கியம் ஈரப் பாவாடையைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன்டி, ஒங்க ஊர்ல விடியிறதே இல்லையா? எங்க வீட்டுப் பொடக்காலியிலதான் வந்து விடியணுமா? வந்தமா போனமான்னு இல்லாம படம் வேற புடிக்கிறாளுக! ஒங்க கால்ல அட்ட ஏற!"

ஒரே மூச்சில் இன்னும் நிறையச் சொன்னார். அவர் ஏசினால் ஏற்ற இறக்கத்தோடு பாட்டுப் போலவே இருக்கும். என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். முதல் நாள் வேலை. வரவேற்கிறார் என்றேன்.

2. ஏச்சுக்கு ஐந்து நட்சத்திரம்

அந்தப் பெண்கள் ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் எழுதிவிட்டார்கள். இந்த வியூ பாயின்டில் மலை ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் பழைய வரவேற்புப் பாடலை உணர்ச்சியோடு பாடுவார், தவறவிடாதீர்கள் என்று. ஐந்து நட்சத்திரம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பாறைக்குப் போக விரும்பவில்லை. பாட்டுக்காரம்மாவைத்தான் கேட்டார்கள். நான் கூட்டிப்போகாவிட்டால் போனைப் பார்த்துத் தாங்களாகவே போனார்கள். பாக்கியம் ஏசுவார், அவர்கள் கைதட்டுவார்கள். அதில் அவருக்குக் கோபம் ஏறி இன்னும் ஏசுவார். ஒரு கிழவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

நானாவிடம் சொன்னேன். "ஏழு நடையில இது ஒண்ணுதான் ஓடுது மூர்த்தி. அதையும் நிப்பாட்டச் சொல்றீங்களா?" என்றார்.

ஒரு நாள் பாக்கியம் என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம டயகமயில இருந்து எம் மகள பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்புள தபால் கந்தோர்ல வேல. அன்னைக்கு ஒரு வெள்ளக்காரன் தல தெரிஞ்சாலும் ஒங்களத்தான் கேப்பேன்."

அவர் குரல் அப்போது ஏறவில்லை, இறங்கியிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேரே நானாவிடம் போய், பாயின்டை மாற்றாவிட்டால் நான் நாளை முதல் வரமாட்டேன் என்றேன். அவர் மருமகனுக்குப் போன் போட்டார். சனிக்கிழமை மாலை பாயின்ட் பாறை உச்சிக்கு ஏறியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

3. பட்டுச் சேலையில் பாறை ஏறியவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒல்லாந்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியோடு உண்மையான பாறையில் நின்றேன். நல்ல பனி. மலையும் தெரியவில்லை, நீர்த்தேக்கமும் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு வாழைப்பழத் தட்டு வந்தது. அதன் பின்னால் பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர், பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்த ஓர் அம்மா, இன்னும் ஐந்து பேர். எல்லார் கையிலும் தட்டு.

பெரியவர் மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "பாக்கியம் அம்மா வீடு இதுங்களா?"

சுற்றிலும் பாறையைத் தவிர ஒன்றுமில்லை.

"யாருங்க ஒங்கள இங்க வரச் சொன்னது?"

வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் போனை நீட்டினான். அவன்தான் மாப்பிள்ளை. "கௌசல்யா அனுப்புன லொகேஷன் அண்ணே. சன்ரைஸ் வியூ பாயின்ட்டுக்கு வாங்க, பின்வாசல்ல எறக்கிவிடும்னு சொன்னாங்க. இங்கதான் காட்டுது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. லயத்து வீட்டுக்கு ஏது விலாசம்? நம்பர் இல்லை, தெருப் பெயர் இல்லை, கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். பாயின்ட் தப்பாக விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு முதல்முறையாக ஒரு விலாசம் கிடைத்திருந்தது. அதை நானே மலை உச்சிக்குத் தூக்கி வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பாறையில் உட்கார்ந்துவிட்டார். காலில் மூன்று அட்டை.

"வாங்க திரும்பிப் போவோம். பொண்ணு வீடே கண்ணுக்குப் படல. இதவிட என்ன சகுனம் வேணும்? தபால் கந்தோர்ல வேல பாக்குறவனுக்கே வீடு கெடைக்கல!"

"அம்மா, சும்மா இருங்கம்மா."

"நீ பேசாத!"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அம்மா, தப்பு என்னோடது. வீடு இந்தா கீழதான் இருக்கு. பத்து நிமிசத்துல எறங்கிரலாம்."

ஒல்லாந்துப் பெண் தன் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து அந்த அம்மாவின் கால் அட்டைகளில் தூவினார். அவர் கணவர், ஆறரை அடி மனிதர், பழத் தட்டை வாங்கித் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டார். அவர் மனைவி வெற்றிலைத் தட்டை எடுத்தார். அதன்பிறகு அந்த அம்மாவுக்கு உட்கார்ந்திருக்க வழியில்லை. சறுக்கும் தேயிலைச் சரிவில், வழி நெடுகக் கடிந்துகொண்டே இறங்கினார்.

பின்வாசலில் பாக்கியம் தலை நிறையப் பூவோடு, மாப்பிள்ளை வீட்டாரைக் காணாமல் தவித்து நின்றார். அவர் முதலில் கண்டது தேயிலைச் செடிகளுக்கு மேலே மிதந்து வந்த வெள்ளைக்காரன் தலையை.

"வந்துட்டானுகளா! இன்னைக்குமா! கட்டையில போறவனே, எம் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட வந்தியாடா? ஒன்னய கூட்டியாந்த அந்த மூர்த்தி வெளங்குவானா?"

ஒல்லாந்தர்கள் தட்டுகளைக் கல்லில் வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால் சம்பந்தி அம்மா, சேலையெல்லாம் சேறாக, பனியிலிருந்து வெளிப்பட்டார். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டார். கதவோரம் கௌசல்யா சிலை மாதிரி நின்றாள். நான் எங்காவது ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

சம்பந்தி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு பாக்கியத்தைப் பார்த்தார். "ஏன் நிப்பாட்டுனீங்க? வழியெல்லாம் நானும் இந்தாள அதத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன். நல்லா கேளுங்க."

இருவரும் சேர்ந்து கேட்டார்கள். அது முடிந்ததும் தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணி முடிவதற்குள் சம்பந்தம் பேசி முடிந்தது.

4. வீட்டைத் திருப்பிக் கேட்டது

மறுநாள் பாக்கியம் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தார். "எங்க வீட்ட எடுத்த எடத்துல வையுங்க."

"நீங்கதானேம்மா வேணாம்னீங்க?" என்றார் நானா.

"வெள்ளக்காரன் வேணாம்னேன். வீடு வேணாம்னா சொன்னேன்? போன வருசம் எங்க மாமியாளுக்கு மூச்சு முட்டுனப்ப ஆம்புலன்ஸ் தோட்டத்துல வேற டிவிசனுக்குப் போயிருச்சு. தேடிக்கிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வலிப்பு வந்தப்ப, இந்தப் பாயின்ட அனுப்பித்தான் நேரா வாசலுக்கு வந்துச்சு. அது மேல இருந்தா நாங்க என்ன செய்யிறது?"

நானா போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார். பாறைக்குப் பாறையின் பாயின்ட், பாக்கியத்துக்குப் பாக்கியத்தின் பாயின்ட் என்று முடிவானது. மேப்பில் பெயர் போட்டால் அது என்ன வகை இடம் என்று கேட்கும். மருமகனுக்குச் சரியான வகை அகப்படவில்லை, அருங்காட்சியகம் என்று போட்டுவிட்டார். அடுத்த வாரம் லயத்தில் மிச்சமிருந்த பதினொரு வீட்டாரும் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றார்கள்.

ஒரு மாதம் நான் நடத்திய நடை அதுதான். போனோடு லயத்தில் வீடு வீடாக நின்று பாயின்ட் போட்டேன். எத்தனையோ தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போயிருக்கிறேன். அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அந்த மாதம்தான் கேட்டறிந்தேன். வழிகாட்டுகிறவன் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்டிருந்தால் பொய் சொல்லும் அவசியமும் வந்திருக்காது.

கடைசியாகப் போன வீட்டில் ராமாயி அக்கா இருந்தார். பாயின்டைக் கதவில் வைக்கவா, முன்திண்ணை இஸ்தோப்பில் வைக்கவா என்று கேட்டேன்.

"அடுப்படியில வையி தம்பி. நான் அங்கதான் இருப்பேன்."