தம்பிக்கு நான் எடுத்துக்கொடுத்த மூன்று பதில்கள்

கண்டி டவுனில் என்னை மறித்து, "உங்க தம்பி அன்னைக்கு வச்ச ட்ரை இருக்கே, அடேயப்பா!" என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம்கூட மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒருவர் பிடித்துக்கொண்டார். ரக்பி மெட்சில் மூன்று பேரை உதறிவிட்டுக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்த கதையை எனக்கே சொன்னார். அந்த ட்ரை என் தம்பிக்கு ஞாபகமே இல்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டுகஸ்தோட்டை பஸ் வந்ததால் ஏறிவிட்டேன்.

தம்பிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பகலில் டியூஷன் கொடுப்பான், பின்னேரம் ரக்பி. கம்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியராக நியமனக் கடிதம் வந்து அலுமாரியில் இருந்தது. அம்மா அதை நாளுக்கு இரண்டு தரம் எடுத்துப் பார்ப்பார். நான் அவன் கிளப்பில் தண்ணீர்ப் போத்தலும் முதலுதவிப் பையும் தூக்குகிறவன். இரண்டு நாள் வகுப்புக்குப் போய் முதலுதவிச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் வேறு மாட்டியிருந்தேன். வெட்கக்கேடு.

அன்றைக்குக் கொழும்பு அணியோடு மெட்ச். இரண்டாவது பாதியில் ஒரு தடியன் ஓடிவந்து தம்பியின் நெஞ்சில் தோளால் இடித்தான். தலையில் எதுவுமே படவில்லை. கழுத்து மட்டும் வெடுக்கென்று பின்னால் போய், ஒரு பக்கமாகத் திரும்பி, முன்னால் வந்தது. விழுந்தவன் தானாகவே எழுந்து உட்கார்ந்தான். நான் ஓடிப்போய் உச்சியில் தண்ணீரை ஊற்றினேன், விரலால் மண்டையைத் தடவினேன். வீக்கமில்லை, இரத்தமில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" என்று பெஞ்சைப் பார்த்துக் கத்தினேன்.

டொக்டர் வந்தார். சிங்களவர், நிதானமான மனிதர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. குனிந்து தம்பியிடம் சிங்களத்தில் கேட்டார். எங்கள் கிளப்பில் சிங்களப் பையன்களுக்கே சிங்களத்தில் திட்டச் சொல்லிக்கொடுத்தவன் என் தம்பி. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே கேக்குறாரு?" என்றான்.

எனக்கு எரிச்சல் வந்தது. நேரம் போகிறது, இவன் கூத்தடிக்கிறானே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இது எந்தப் பாதின்னு கேக்குறாரு. ரெண்டாவதுன்னு சொல்லு."

"ரெண்டாவது."

"யாரோட வெளையாடுறோம்னு கேக்குறாரு. கொழும்புக்காரங்களோட."

"கொழும்புக்காரங்களோட."

"கடைசியா பொயின்ட் எடுத்தது யாரு? நம்ம ஆளுங்கதானே."

"நம்ம ஆளுங்கதான்."

ஒவ்வொன்றையும் அழகாகச் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் என் முகத்தைப் பார்த்து, இவராகவே சொன்னாரா என்று கேட்டார். "ஒவ், டொக்டர்" என்று ஆமாம் போட்டேன். அந்த மனிதர் என்னை நம்பினார். தம்பி திரும்ப உள்ளே போனான்.

பத்து நிமிடத்தில் அந்தப் பெரிய ட்ரை. பதிக்கும்போது இருவர் மேலே விழுந்து, தலை இன்னொரு தரம் முறுக்கிக்கொண்டது. ஊரே ஆடியது, நானும் ஆடினேன். வீட்டுக்குப் போகிற வழியில் அவன் வேனில் வாந்தி எடுத்தான். "அண்ணே, மெட்ச் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். அப்போதுதான் வேனை ஆசுபத்திரிக்குத் திருப்பச் சொன்னேன்.

ஆசுபத்திரியில் ஒரு தமிழ் டொக்டரம்மா இருந்தார். மண்டையில் கீறல்கூட இல்லையே என்று நான் அவரோடு வாதாடினேன்.

"கம்பளையில இருந்து பஸ்ல தயிர்ச் சட்டி கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். "வளைவில பஸ் வெட்டித் திரும்பினா சட்டி ஒடையாது. உள்ள தயிர் கலங்கிரும். மூளையும் அப்படித்தான். இடி நெஞ்சில பட்டாலும் தல சுழண்டா போதும். மொத அடி ஆற முன்ன ரெண்டாவது பட்டா இன்னும் மோசம்." பிறகு, "பேச்சில ஏதும் வித்தியாசம் தெரிஞ்சுச்சா?" என்றார். தினமும் பேசுகிற சிங்களம் அவனுக்கு விளங்காமல் போனதை அந்த நிமிடத்தில்தான் யோசித்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தம்பி அந்தப் பாடசாலைக்கு ஒரு தவணைகூட முழுதாகப் போகவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டால் தலை பிளக்கும், ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும். கரும்பலகையில் கணக்கைப் பாதி எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று நிற்பானாம். பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்களாம். இப்போது ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் கொப்பிகளைக் கட்டுக் கட்டாய்க் கட்டுகிறான். சான்றிதழை நான் கழற்றிவிட்டேன், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்தாலும் ஆத்திரம்தான்.

அன்றைய மெட்ச் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. போன ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"அண்ணே, அவ்வளவு அடிபட்டும் டொக்டர் கேட்ட மூணு கேள்விக்கும் நான் சரியா சொன்னேனாம்ல? அப்ப எனக்குத் தெளிவாத்தானே இருந்திருக்கு?"

அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. அம்மா சோற்றுக் கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாடா, மூணுக்கும் நீதான் சொன்னே" என்றேன்.