உபதேசியார் கால் நீட்டினார்

எழுபதுகளில் ஜமுனாமரத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மலையூர்களில் ஜெபம் நடத்திவந்த உபதேசியார் ஒருவர் சந்தை நாளில் அங்கே வருவார். ஒட்டிய கன்னம், செருப்பு அறியாத கால். வந்ததும் நோயாளிகளுக்குத் தண்ணீர் இறைத்து வைப்பார். டீ கொடுத்தால், "எனக்கு எதுக்குங்க" என்று ஒதுங்கிவிடுவார். அவருடைய பணிவை ஊரே மெச்சியது.

ஒரு மழைநாளில், முள் குத்திச் சீழ் வைத்த பாதத்தோடு வந்து சுவரில் சாய்ந்தார். வெந்நீர் பேஸினோடு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"குடுங்க, நானே கழுவிக்கிறேன்."

குனியப் பார்த்தார், முடியவில்லை. மெல்லக் காலை நீட்டினார்.

"பெரிய வியாழன் பூசையில, யேசு சீடருங்க காலைக் கழுவின நெனப்பா, நம்ம கோயில் சாமியார் எல்லார் காலையும் கழுவுவாரு. நான் சொம்பு புடிச்சினு நிப்பேன். என்னையும் குந்தச் சொல்லுவாரு. மாட்டேன்னுடுவேன்."

"பணிவுதானே அது?"

"நானும் அப்படித்தான் நெனச்சினு இருந்தேன். யார் கையும் எனக்கு வேணாம்ன்ற திமிருங்க அது. அதைச் சொமந்தே ஓஞ்சிட்டேன்."

முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார். தலை குனிந்துகொண்டு, "சக்கரை கொஞ்சம் பத்தலைங்க" என்றார்.

முள்ளைப் பிடுங்கியபோதுகூட அவர் அவ்வளவு சிரமப்படவில்லை.